ஆட்டோவில் அம்மனுக்கு விட்ட இடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், நான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்த ஒரு பித்தளைச் செம்பின் முன்னால் குப்புறப் படுத்திருந்தேன். படுத்து, பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் செல்போன் சார்ஜில் கிடந்தது. ஆஸ்பத்திரி ஒன்றும் காசியில் இல்லை, அடுத்த சிக்னலைத் தாண்டி இருந்தது. ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் “டாக்டரைப் பாருங்க, கஷாயமெல்லாம் வேலைக்காகாது” என்று உபதேசம் செய்கிறவன்தான் அப்படிப் படுத்திருந்தேன்.

இதில் இன்னொரு சிறப்பு, நான் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால், செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிற பொறுப்பை நானே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

அந்தச் செம்பு புனேயில் எங்கள் கோந்த்வா வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம். மனைவி ஆபீசிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். மறுநாள் காலையில் கழுத்தில் இரண்டு கொப்புளம். நான் பார்த்துவிட்டு, “கொசு” என்றேன்.

அவள் கோயம்புத்தூர்க்காரி. மரியாதை குறையாமல்தான் மட்டம் தட்டுவாள். “கொசு தண்ணி ரொப்பிட்டா போகுதுங்க? ஒவ்வொண்ணுக்குள்ளயும் தண்ணி நிக்குது பாருங்க” என்றாள்.

சாயங்காலத்துக்குள் முகம், முதுகு, வயிறு எல்லா இடத்திலும் வந்துவிட்டது. தெருமுனை கிளினிக் டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சின்னம்மை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரியவர்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், மூச்சுவிடச் சிரமம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். நானும் தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும். உள்ளே எதுவும் தங்காது, அவ்வளவுதான்.

அன்று இரவே அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா இதே ஊரில் கட்கியில் இருக்கிறாள். எங்கள் அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; அத்தானும் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வேலூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அக்கா கடையில் மராத்தி, பஸ்ஸில் இந்தி பேசுவாள். ஆனால் வாயைத் திறந்து திட்டினால் ஆற்காட்டுத் தமிழ்தான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், துப்பாக்கியைத் தோளில் சாத்திய சிப்பாய் மாதிரி ஒரு வேப்பங்கிளையைச் சாத்திக்கொண்டு அக்கா நின்றாள். படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். செருப்பு வெளியில்தான் கிடந்தது. ஆனாலும் காலை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வந்து, கைகூப்பினாள்.

“அம்மா வந்துகீறா.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. பயந்தால் இன்னும் அதிகமாகப் பேசும். “வரட்டும் அக்கா. ஆனா ஒத்த பெட்ரூம் பிளாட்டு, இருக்கிறதே ரெண்டு பேருக்கு இடிக்குது. வாடகையில பங்கு தருவாளான்னு கேளு.”

அக்கா சிரிக்கவில்லை. என் மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு, கொப்புளம் வலிக்க வலிக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அக்கா ஹாலில் ஒரு பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்தாள். பிறகு அவளுடைய சட்டங்கள் வந்தன. வீட்டில் தாளிக்கக் கூடாது. சீப்பை எடுக்கக் கூடாது. இது என்ன நோய் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. வெளியே போகிறவர்கள் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் நழுவ வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை மனைவி வாசற்படியைத் தாண்டக் கூடாது. மாத்திரையைக்கூடப் பூ போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கொடுத்தாள், கொடுக்காமல் இருக்கவில்லை. இதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

“நீ உள்ள போவாத. உனுக்கு இன்னும் வர்ல” என்று என்னை ஹாலுக்குத் துரத்தினாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை வந்தபோது என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். அந்தச் சலுகையால் நாற்பத்தைந்து வயதில் சோபாவில் சுருண்டு படுத்தேன். ஒவ்வொரு கொசுக்கடியையும் போன் வெளிச்சத்தில் ஆராய்ந்தேன். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. பயம் முதலில் எனக்காகத்தான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வாசல் நிலையில் அக்கா வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம், உள்ளே வராதே என்பது. புனேயில் அந்த வாரம் பாட்வா பண்டிகை. மராத்திக்காரர்கள் வருஷப் பிறப்புக்கு ஒரு கம்பில் பட்டுத் துணி, மாலை, வேப்பிலை எல்லாம் கட்டி ஜன்னலில் நட்டு வைப்பார்கள். ஆகவே எதிர் வீட்டு மராத்தி அம்மாள், எங்கள் வாசலைப் பார்த்துப் பூரித்துப்போய், பண்டிகை அன்று காலையில் ஒரு கிண்ணம் ஸ்ரீகண்ட் இனிப்போடு மணியடித்துவிட்டார்.

“அரே வா! நீங்களும் பாட்வா கொண்டாடுறீங்களே!” என்று மராத்தியில் ஒரே மகிழ்ச்சி. ஒரு கால் உள்ளேயே வந்துவிட்டது.

நான் இரண்டு கைகளையும் விரித்து, பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி நின்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், அம்மைக்கு மராத்தியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. பதற்றத்தில் இந்தியும் இங்கிலீஷும்கூடக் காணாமல் போயின. தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து, “கராத் தேவி ஆலி” என்றேன். வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்று நானே, என் வாயாலேயே சொன்னேன்.

அவர் முகம் மாறியது. பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் நின்ற பக்கமே பார்க்காமல், படுக்கையறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்.

கட்கிக்காரி ஒருத்தி, மராத்திக்காரி ஒருத்தி, இரண்டு பேரும் அந்த அறையில் யாரையோ பார்த்துவிட்டுக் கும்பிடுகிறார்கள். வாடகை கேட்டவன் நான் ஒருவன்தான்.

அன்று மத்தியானம் அக்கா சொல்லாமல் நழுவினாள். கட்கியில் அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, தீர்த்தம் எடுத்துக்கொண்டு வரப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே மனைவி இருமினாள். இரண்டு நாளாகவே இருமல் இருந்தது. இது வேறு மாதிரி இருந்தது. இருமலுக்கு நடுவில் மூச்சை எங்கிருந்தோ இழுத்து எடுக்கிற சத்தம்.

சட்டத்தை மீறி உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் முடியவில்லையாம். முகமெல்லாம் கொப்புளம், அதற்கு நடுவில் உதடு ஒரு மாதிரி சாம்பல் பூத்திருந்தது.

“ஏனுங்க…” என்றாள். அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மானி மேஜை டிராயரில் இருந்தது. அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூறுக்குக் கீழே காட்டியது. பேட்டரி போயிருக்கும் என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். எனக்குத் தொண்ணூற்றெட்டு. மறுபடியும் அவள் விரலில் மாட்டினேன். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மானியில் ஒரு குறையும் இல்லை.

அந்த நிமிஷத்தில் கொஞ்சமாவது மூளை உள்ளவன் என்ன செய்வான்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். என் மூளை வேறு கணக்குப் போட்டது. வாடகை கேட்டேன் அல்லவா, அதற்குத்தான் இது. கேலி செய்தது நான், தண்டனை அவளுக்கு. இப்போது வாசற்படியைத் தாண்ட வைத்தால், அதுவும் சேர்ந்துகொள்ளும். கேலியை முதலில் வாபஸ் வாங்க வேண்டும். டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கே வரவில்லை. அக்கா சொன்னது மட்டும் ஒரு எழுத்துத் தவறாமல் வந்தது. சாமி இல்லை என்று இருபது வருஷமாகப் பேசியவனுக்குப் பயம் வந்ததும் சாமி வந்துவிட்டது. வந்த சாமி என் அளவுக்கே இருந்தது. அல்பமாக, கோபத்தோடு, பழைய ஜோக்கை மனதில் வைத்துக்கொண்டு இருந்தது.

ஆகவே துண்டு, செம்பு, குப்புறப் படுக்கை. “தாயே, வாய் தவறிச் சொல்லிட்டேன். ஆடி மாசம் கூழ் ஊத்தறேன். தீ மிதிக்கிறேன்.” சொன்னதும் அடுத்த பயம் வந்தது. “தீ வேணாம் தாயே, எனக்குச் சுகர், கால்ல புண் வந்தா ஆறாது. அலகு குத்திக்கிறேன். சின்ன அலகா.” உயிரைக் காப்பாற்றக் கேட்கிற இடத்திலும் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. இழுக்கும், நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் என் நெற்றி தரையில் இன்னும் அழுந்தியது. எழுந்து போய்ப் பார்க்கப் பயம். பார்த்து, அது நின்றுபோயிருந்தால்?

கதவு திறந்த சத்தம் கேட்டது. அக்கா ஒரு கையில் தீர்த்தச் சொம்பும் இன்னொரு கையில் இளநீரும் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு விநாடியில் வெளியே வந்தாள்.

“டேய், இன்னாடா பண்ணிகினு கீற?”

“மன்னிப்புக் கேக்கறேன் அக்கா.”

“யாராண்ட?”

செம்பைக் காட்டினேன்.

“அவளுக்கு மூச்சு நிக்கப் போவுதுடா! எழுந்திரு! ஆட்டோவைக் கூப்புடு!”

“வாசப்படி தாண்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன? அம்மா கோச்சிக்கிட்டா…”

அக்கா என்னைப் பார்த்த பார்வை என் எதிரிக்கும் கிடைக்கக் கூடாது. “மூச்சு வாங்கறவள வூட்ல வெச்சிப் பூசை பண்ணுன்னு நான் சொன்னனா? அம்மா இன்னா உன்ன மாரியா, சொன்னத்த புடிச்சிகினு தொங்க? ஆஸ்பத்திரிக்கு அவளும் வருவா. போடா!”

இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து லிப்டில் இறக்கினோம். என் மனைவி என் தோளில் சாய்ந்தபோது உடம்பு கொதித்தது. இத்தனை நாள் அவளைத் தொடாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே தெருவில் ஆட்டோ நின்றது. பண்டிகைச் சட்டை போட்ட டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அக்கா மராத்தியில் ஏதோ அதட்டினாள். அவர் மீட்டரைக்கூடப் போடவில்லை.

மனைவியை ஏற்றி, அக்கா ஏறினாள். நானும் காலை வைத்தேன்.

“நீ எங்கடா ஏர்ற? எடம் இல்ல.”

“இருக்கே அக்கா. இவ்ளோ எடம் இருக்கே.”

“அது அம்மாவுக்கு. நீ வண்டில வா.” பிறகு வெளியே தலையை நீட்டி, எங்கள் பில்டிங் வாசலைப் பார்த்து, விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: “வா தாயே. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பாத்து ஏறு.”

ஆட்டோ போய்விட்டது. நான் ஸ்கூட்டர் சாவிக்காக மேலே ஓடினேன். துண்டோடு இருப்பதை லிப்ட் கண்ணாடியில் பார்த்தேன்.

கோந்த்வா சாலை முழுக்கப் பண்டிகை. ஒன்பது கெஜப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெண்கள் பைக்கில் போனார்கள். எங்கோ டோல் மேளம் அடித்தார்கள். ஒவ்வொரு பால்கனியிலும் பட்டுத் துணியும் வேப்பிலையும். எங்கள் ஊர்க் கண்ணால் பார்த்தால், ஊர் முழுக்க அம்மை போட்டிருந்தது. சிக்னலில் ஆட்டோவைப் பிடித்துவிட்டேன். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக இரண்டு தலை தெரிந்தது. ஒன்று நிமிர்ந்திருந்தது, ஒன்று அதன்மேல் சாய்ந்திருந்தது. பக்கத்தில் காலி. வேகத்தடை வரும்போதெல்லாம் அக்கா ஒரு கையால் என் மனைவியை அணைத்தாள். இன்னொரு கையை அந்தக் காலி இடத்தின்மேல் குறுக்கே நீட்டிப் பிடித்தாள், அங்கே உட்கார்ந்திருப்பவர் விழுந்துவிடாமல்.

நான் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கோபம்தான் வந்தது முதலில். எனக்கு விடாத இடம். அப்புறம் சாய்ந்த தலை அசையாமல் இருப்பதாகத் தோன்றியது. அசைகிறதா, ஆட்டோ ஆட்டுகிறதா என்று தெரியவில்லை. அப்போது வேறு வழியில்லாமல் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, “பாத்துக்கோ” என்றேன். கூழ், அலகு எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. ஹெல்மெட்டுக்குள் எனக்கே அது பெரிதாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி, ஊசி, எக்ஸ்ரே எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் சின்னப் பெண். என் மகள் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். தோலில் இருப்பது நுரையீரலிலும் இறங்கியிருக்கிறது என்றாள். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான் இன்றுவரை பல விதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தனி அறை. ஏற்கெனவே அம்மை வந்தவர்கள்தான் உள்ளே துணைக்கு இருக்கலாம் என்றாள் டாக்டர். அக்காவின் சட்டமும் அதுவேதான். இங்கிலீஷில் கேட்டதும் நான் உடனே கட்டுப்பட்டேன். நர்ஸ் அக்காவின் கொண்டையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைக் காட்டி, இலை தழையெல்லாம் உள்ளே கூடாது என்றாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அக்கா கொத்தை உருவினாள். இலைகளைக் கிள்ளி வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கிவிட்டு, காம்பைக் குப்பைக் கூடையில் போட்டாள். உள்ளே போனாள்.

எனக்கு வராந்தா. கதவில் புத்தகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் மூக்கை வைத்தால் கட்டிலின் கால்பக்கம் தெரியும். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும். துடைப்பேன். மறுபடி பார்ப்பேன். அவள் மூச்சைப் பார்க்க விடாமல் என் மூச்சே மறைத்தது. இதை வைத்து ஒரு ஜோக் சொல்லலாம் என்று தோன்றியது. யாரிடம் சொல்வது? என் ஜோக்குகளுக்கு இருக்கிற ஒரே ரசிகை கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். சொந்தக்காரர்களின் போன் வந்தால் எடுக்கவில்லை. எடுத்தால் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

மறுநாளும் அப்படித்தான் போனது. வராந்தாவில் மூன்று நாற்காலி. நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடு நாற்காலி காலி. அடுத்ததில் யாரோ ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு பெரியவர் வந்து, நடு நாற்காலியைக் காட்டி, “யஹாங் கோயி பைட்டா ஹை?” என்று கேட்டார். இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

“ஹாங்” என்றேன். ஆமாம்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. பெரியவர் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படி எத்தனை பேரைப் பார்த்தாரோ. தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் பயம், யாராவது இருந்துவிட்டால் என்பதும் பயம். கொஞ்சம் ஒடுங்கி, முழங்கை இடிக்காமல் உட்கார்ந்துகொண்டேன். அன்றுதான் முதல்முறையாகக் கொஞ்சம் தூங்கினேன்.

அதைத் தெய்வம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று சொல்கிற தைரியம் அதற்கு முன்பே போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பயம் எப்படிக் குறையாமலே தாங்கும்படியாக மாறுமோ, அப்படி இருந்தது. இதற்குமேல் விளக்கினால் நான் மறுபடியும் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

காய்ச்சல் இறங்க ஒரு வாரம் போல ஆயிற்று. முதலில் முகமூடியை எடுத்தார்கள். பிறகு மூக்கில் மாட்டிய குழாயையும் எடுத்தார்கள். புண்ணெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு, கதவைத் திறந்து வாசலில் நின்று பேசலாம், உள்ளே வரக் கூடாது என்று எனக்கு அனுமதி கிடைத்தது. அக்கா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள்.

மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். கன்னத்தில் எல்லாம் கறுப்புப் பொட்டு. நான் முகக்கவசத்தோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஸ்கூட்டரில் வந்ததை, நாற்காலியை, கேரியர் பெரியவரை எல்லாம் சிரிக்கிற மாதிரி ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் அவளிடம் கேட்க எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். இத்தனை நாளும் அவள் அங்கே தனியாகப் பயந்துகொண்டு கிடந்தாளா என்பதுதான் அது. அதையும் நேராகக் கேட்க வாய் வரவில்லை.

“உள்ள… இத்தன நாளும்… சாமி ஏதாச்சும் பக்கத்துல இருந்த மாதிரி தெரிஞ்சுதா?”

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

“இருந்துச்சுங்க, நீங்கதான் இல்ல.”